ஃபிராங்க் கான்ராட்: கார் ஷெட்டிலிருந்து கேடிகேஏ வரை

1920 நவம்பர் 2 இரவு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில், வெஸ்டிங்ஹவுஸ் மின்கருவி நிறுவனத்தின் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் சின்னதாக ஒரு கொட்டகை. உள்ளே நாலு பேர் உட்கார்ந்துகொண்டு அதிபர் தேர்தல் முடிவுகளை வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேடிகேஏ நிலையத்தின் முதல் ஒலிபரப்பு அதுதான். அந்த நிலையம் பிறக்கக் காரணமாக இருந்த ஃபிராங்க் கான்ராட் அந்த நாலு பேரில் இல்லை. சில மைல் தள்ளி வில்கின்ஸ்பர்க்கில், தன் வீட்டுக் கார் ஷெட்டின் மாடியில், சொந்த டிரான்ஸ்மிட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். தொழிற்சாலை மாடியில் இருந்த புதுக் கருவி படுத்துவிட்டால் இவர் தன் நிலையத்திலிருந்து தொடர வேண்டும் என்பது ஏற்பாடு.

கருவி படுக்கவில்லை. அதனால் அன்றிரவு அவருக்கு வேலையும் இல்லை. ஒலிபரப்புப் பொறியாளர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அவர்கள் இருப்பதே வெளியில் தெரியாது. கான்ராட்டை நினைவுகூர்பவர்கள் அவரை ‘ஒலிபரப்பின் தந்தை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பட்டம் பெரியதுதான், ஆனால் ஆள் அதற்குள் மறைந்துபோகிறார். அவர் அடிப்படையில் ஒரு அமெச்சூர், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு தொடர்புகொள்கிற, இன்று நாம் ஹாம் என்று சொல்கிற வகை. சம்பளத்துக்காக வானொலிப் பொறியாளர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வானொலி ஒலிபரப்பு எந்த வடிவத்தில் உருவானதோ அதில் பாதி இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1874ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. 1890ல், 16 வயதில், வெஸ்டிங்ஹவுஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அதே கம்பெனிதான். எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, இன்னும் சின்னதாக, இன்னும் மலிவாகச் செய்ய வழி தேடுகிற கை அவருக்கு. வீட்டு மின்சாரத்தை அளக்கும் வட்ட வடிவ மீட்டரை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். கல்லூரி வாசலை மிதிக்காமலேயே உதவித் தலைமைப் பொறியாளர் ஆனார். 1928ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததும் ‘டாக்டர் கான்ராட்’ ஆகிவிட்டார்.

வானொலிக்கு அவர் வந்த வழியை ஒரு பந்தயக் கதையாகச் சொல்வார்கள். 1912, 13 வாக்கில், கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதில் சக ஊழியர் ஒருவரோடு 5 டாலர் பந்தயம். யார் கடிகாரத்தை நம்புவது? ஆர்லிங்டனில் இருந்த கடற்படையின் என்ஏஏ நிலையம் தந்தியொலியில் துல்லியமான நேரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பதற்காகவே கான்ராட் வீட்டில் ஒரு ரிசீவர் செய்தார். பந்தயம் முடிந்தது, ரிசீவர் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. கேட்டால் போதாது, அனுப்பவும் வேண்டும் என்ற அடுத்த ஆசை எல்லா ஹாம்களுக்கும் வருவதுதான். 1916ல் 8எக்ஸ்கே என்ற அழைப்புக்குறியோடு அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. முதலில் வரும் 8, நாட்டைப் பிரித்திருந்த வானொலி மாவட்டங்களில் அவருடைய மாவட்டத்தின் எண். எக்ஸ் என்பது சோதனை நிலையம் என்பதற்கான அடையாளம்.

நிலையம் இருந்தது வீட்டுக்குப் பின்னால், இரண்டு தளம் கொண்ட செங்கல் கார் ஷெட்டில். கீழே கார், மேலே வானொலி. பிற்காலத்தில் அந்த இடம் கைமாறி, இடிக்க வேண்டிய நிலை வந்தபோது, 2001ல் ஆர்வலர்கள் அந்த ஷெட்டைச் செங்கல் செங்கலாகப் பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஒலிபரப்பு அருங்காட்சியகம் ஒன்றில் அதைத் திரும்பக் கட்டுவது அவர்கள் திட்டம்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அமெச்சூர் நிலையங்கள் எல்லாவற்றையும் அரசு மூடச் சொன்னது. கான்ராட்டுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் இராணுவத்துக்கு வயர்லெஸ் கருவிகள் செய்தது, அந்த வேலையில் இவர் முன்னால் நின்றார். பொழுதுபோக்காகக் கற்றது வேலையாக மாறிய கட்டம் இது. இன்னொரு முக்கியமான விஷயமும் அந்தப் போரில் நடந்தது. வால்வு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி வெற்றிடக் குழாய், பக்குவப்பட்டது.

வால்வு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போருக்கு முந்தைய அமெச்சூர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியது ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தம் பாய்ந்து பொறி பறக்கும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்காந்த அலை எழும்பி, எழும்பிய வேகத்திலேயே தேய்ந்துவிடும். மோர்ஸ் புள்ளியும் கோடும் அனுப்ப இது போதும். குரலை ஏற்ற முடியாது, ஏனென்றால் குரல் ஏறி உட்காருவதற்குத் தேயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் அலை வேண்டும். அதை ஒரு அறைக்குள், ஒரு தனிமனிதன் செலவில் சாத்தியமாக்கியது வால்வு.

அப்புறம் மைக். அன்றைய கார்பன் மைக்கில் ஒரு மெல்லிய தகட்டுக்குப் பின்னால் கரித்துகள்கள் இருக்கும். பேசும்போது தகடு அதிர்கிறது, துகள்கள் நெருங்கி விலகுகின்றன, அதற்கேற்ப மின்தடை கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஓடுகிற அலையின் வீச்சின் மீது ஏற்றிவிட்டால் குரல் பயணம் புறப்பட்டுவிடும். கேட்பவருக்குப் பெரிய செலவில்லை. ஒரு கம்பிச் சுருள், கலீனா என்ற ஈயத் தாதுப் படிகம், அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய கம்பி, ஒரு ஹெட்போன். பேட்டரிகூட வேண்டாம், வரும் அலையின் சக்தியே ஹெட்போனை இயக்கிவிடும். ஒரு பக்கம் கடினமாக, மறு பக்கம் எளிதாக இருந்த இந்த அமைப்பால்தான் ஒருவர் பேச ஆயிரம் பேர் கேட்க முடிந்தது.

1919 அக்டோபரில் தடை நீங்கியது. கான்ராட் புது வால்வுகளோடு 8எக்ஸ்கேயில் உட்கார்ந்தார். அவர் செய்ய நினைத்தது சோதனை மட்டும்தான். ஒரு சுருளை மாற்றினால் குரல் தெளிவாகிறதா, ஆன்டெனாவை மாற்றினால் தூரம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து ஏதாவது ஒலி போய்க்கொண்டே இருக்க வேண்டும். மைக் முன்னால் எவ்வளவு நேரம்தான் பேசுவது? அக்டோபர் 17 அன்று மைக்கை கிராமபோனின் குழாய் வாய்க்கு முன்னால் வைத்துவிட்டார். தட்டு பாடிக்கொண்டிருக்கும், இவர் நிம்மதியாகக் கருவியைத் திருகிக்கொண்டிருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருந்த மற்ற அமெச்சூர்களுக்கு இது புதுசு. ஹெட்போனில் டிட்-டா கேட்டே பழகிய காதில் திடீரென்று பாட்டு! கடிதங்கள் வர ஆரம்பித்தன. இந்தப் பாட்டைப் போடுங்கள், இந்த நேரத்தில் போடுங்கள், சுற்றமும் நட்பும் வந்து கேட்க வசதியாக இருக்கும் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசதி செய்ய முடியாமல் கான்ராட் ஒரு அட்டவணை போட்டார். வாரத்தில் இரண்டு மாலைகள், சுமார் இரண்டு மணி நேரம். நேரம் குறித்த நிகழ்ச்சி என்பது இப்படித்தான் வந்தது, யாரும் திட்டம் போட்டு உருவாக்கியதல்ல. அவருடைய மகன்கள் இருவரும் அவ்வப்போது மைக்கைப் பிடித்தார்கள்.

வீட்டில் இருந்த இசைத்தட்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. வில்கின்ஸ்பர்க்கில் இருந்த ஹாமில்டன் இசைக்கடை தட்டுகளைக் கடனாகக் கொடுக்க முன்வந்தது. பதிலுக்கு, தட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வானொலியில் ஒலித்த தட்டுகள் கடையில் மற்றதைவிட நன்றாக விற்றன என்று பிறகு சொல்லப்பட்டது. வானொலி விளம்பரத்தின் மொத்தக் கணக்கும் இந்தச் சின்னப் பண்டமாற்றில் அடங்கியிருக்கிறது. கான்ராட் அதைக் கவனித்தாரா தெரியாது. வேறொருவர் கவனித்தார்.

1920 செப்டம்பர் 29 அன்று பிட்ஸ்பர்க் சன் நாளிதழில் ஜோசப் ஹோர்ன் என்ற பெரிய கடையின் விளம்பரம் வந்தது. கான்ராட் வீட்டிலிருந்து வரும் இசையை எங்கள் கடையில் வைத்திருக்கும் செட்டில் கேட்கலாம், அமெச்சூர் செட்டுகள் 10 டாலரிலிருந்து கிடைக்கும் என்பது அதன் சாரம். அதைப் படித்த வெஸ்டிங்ஹவுஸ் துணைத்தலைவர் ஹாரி டேவிஸுக்குப் பொறி தட்டியது. அதுவரை வயர்லெஸ் என்றால் எல்லோரும் நினைத்தது தந்திக்கு மாற்று என்றுதான். ஒருவர் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம் என்பதை அதன் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டேவிஸ் அதையே வியாபாரமாகப் பார்த்தார். எல்லோரும் கேட்கட்டும், எல்லோருக்கும் செட் விற்கலாம். போர் முடிந்து இராணுவ ஆர்டர்கள் நின்றுபோயிருந்த கம்பெனிக்கு அது கசக்குமா என்ன?

அவர் கான்ராட்டைக் கூப்பிட்டு, தேர்தல் நாளுக்குள் ஒரு நிலையம் தயாராக வேண்டும் என்றார். கையில் இருந்தது ஒரு மாதம் சொச்சம். 100 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று தொழிற்சாலை மாடிக்கு ஏறியது. கேடிகேஏ என்ற குறிக்கு எந்த விசேஷ அர்த்தமும் கிடையாது. கப்பல் நிலையங்களுக்கு வரிசையாகக் கொடுத்துவந்த பட்டியலில் அடுத்து இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். தேர்தல் இரவில் 8இசட்இசட் என்ற சிறப்பு அமெச்சூர் குறி பயன்பட்டது என்றும் பதிவுகள் உண்டு. உலகப் புகழ்பெற்ற முதல் இரவிலும் அமெச்சூர் முத்திரை முழுதாக அழியவில்லை.

முடிவுகள் பிட்ஸ்பர்க் போஸ்ட் பத்திரிகை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வந்தன. லியோ ரோசன்பர்க் வாசித்தார். இடைவெளிகளில் கிராமபோன். ஹார்டிங் ஜெயித்தார், காக்ஸ் தோற்றார். இரண்டு பேருமே ஒஹையோ மாநிலத்தில் பத்திரிகை நடத்தியவர்கள். பத்திரிகையை முந்திக்கொண்டு செய்தி சொல்லும் கருவிக்கு அவர்கள் தேர்தலே முதல் செய்தி ஆனது. கேட்டவர்கள் 500லிருந்து 1,000 பேர் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. அன்றைய ஒலிப்பதிவு என்று இன்று சுற்றுவது பிற்காலத்தில் ரோசன்பர்க் மீண்டும் வாசித்துப் பதிவு செய்தது. அசல் ஒலிபரப்பு பதிவாகவில்லை.

அன்றிரவு ரோசன்பர்க் அவ்வப்போது ஒன்றைச் சொன்னார்: இதைக் கேட்பவர்கள் தயவுசெய்து எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், எவ்வளவு தூரம் போகிறது என்று அறிய ஆவலாக இருக்கிறோம். என்னைக் கேட்டால் அன்றைய இரவின் மிக முக்கியமான வரி இதுதான். ஒரு ஹாம் மைக்கை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி அது. நான் பேசுவது எட்டுகிறதா, எப்படி எட்டுகிறது? கேட்டவர் பதிலுக்கு அஞ்சலட்டை போடுவார். பத்திரிகை ஆசிரியரோ நாடகக்காரரோ இந்த நிலையத்தைத் தொடங்கியிருந்தால் இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

‘உலகின் முதல் வானொலி நிலையம்’ என்ற பட்டத்துக்குப் போட்டி இன்னும் தீரவில்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் சார்லஸ் ஹெரால்ட் 1909 முதலே சோதனைகள் செய்தார். நெதர்லாந்தில் ஹேக் நகரிலிருந்து ஐட்செர்டா என்பவரின் பிசிஜிஜி நிலையம் 1919 நவம்பரில் முன்கூட்டியே அறிவித்து இசை நிகழ்ச்சி நடத்தியது. டெட்ராய்ட்டின் 8எம்கே நிலையம், கேடிகேஏவுக்கு இரண்டு மாதம் முன்பே உள்ளூர்த் தேர்தல் முடிவுகளைச் சொல்லிவிட்டது. யார் முதல் என்ற வழக்கில் கான்ராட்டுக்காக வாதாடுவது வீண். அவர் பக்கம் உள்ள பலம் வேறு: நிறுத்தவில்லை. மற்ற பல முயற்சிகள் போர், பணம், அலுப்பு என்று ஏதோ ஒன்றால் அறுந்துபோக, கார் ஷெட்டில் தொடங்கியது அறுபடாமல் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து ஒரு தொழிலாகவே ஆனது.

அந்த வளர்ச்சியில் ஒரு முரணும் உண்டு. 1922 முடிவதற்குள் அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட ஒலிபரப்பு நிலையங்கள் முளைத்துவிட்டன. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அரசு, அமெச்சூர்கள் இசை போடக் கூடாது, செய்தி வாசிக்கக் கூடாது, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கான்ராட் 1919ல் செய்ததை 1922ல் வேறொரு அமெச்சூர் செய்தால் சட்டப்படி குற்றம். வீட்டைக் கட்டியவனை வாசலில் நிறுத்திவைத்த கதை. நியாயம் இல்லையா என்றால், இருந்தது. ஒரே அலைநீளத்தில் நூறு பேர் பாட்டுப் போட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆனாலும் அந்தக் கோடு போடப்பட்ட பிறகு, பொழுதுபோக்காளரும் ஒலிபரப்பாளரும் இரண்டு சாதி ஆனார்கள். இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர்கள் கான்ராட் போன்ற பொறியாளர்கள்தான்.

நிலையத்தை நடத்தும் வேலையில் எதிர்பாராத தொல்லைகள் வந்தன. 1921ல் வெஸ்டிங்ஹவுஸ் ஊழியர்களின் இசைக்குழுவை வைத்து நேரடி நிகழ்ச்சி செய்ய முயன்றார்கள். அரங்கத்துக்குள் வாசித்தால் எதிரொலி மோதி ஒரே இரைச்சல். வெளியே மொட்டைமாடியில் வாசித்தால் தெளிவாக இருந்தது. மழை வருமே என்று மாடியில் கூடாரம் போட்டார்கள். பக்கத்தில் ஓடும் ரயிலின் விசிலும் நிகழ்ச்சியில் கலந்துகொண்டது, அது தனிக்கதை. பிறகு பலத்த காற்றில் கூடாரம் பறந்துபோக, வேறு வழியில்லாமல் கட்டடத்துக்குள்ளேயே கூடாரம் அடித்துப் பார்த்தார்கள். ஒலி அருமையாக வந்தது! சுவரில் மோதித் திரும்பும் ஒலியைத் துணி விழுங்கிவிடுகிறது என்பது அப்போது பிடிபட்டது. அறைச் சுவர்களில் கனத்த துணியைத் தொங்கவிட்டார்கள். இன்று ஸ்டுடியோச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மெத்தைப் பலகைகளின் பூர்வீகம் இப்படிப்பட்ட தட்டுத்தடுமாறல்களில்தான் இருக்கிறது.

கான்ராட்டின் பெரிய பங்களிப்பு கேடிகேஏ அல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிற்றலையில், அதாவது அலைநீளம் குறைந்த வானொலி அலைகளில், அவர் செய்ததுதான் ஆழமானது. அதுவும் நேராக அமெச்சூர் பழக்கத்திலிருந்து வந்ததே.

1912ல் அமெரிக்க வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைநீளங்களுக்குத் தள்ளியது. உருப்படியான அலைகள் எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றன, கீழே இருப்பது ஒன்றுக்கும் ஆகாதது என்பது நிபுணர்கள் கருத்து. அலைநீளம் கூடக்கூட தூரம் கூடும் என்பதே அன்றைய பாடம். அதனால் கடல் தாண்டும் நிலையங்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்தில், பிரம்மாண்டமான கோபுரங்களோடு, நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் கட்டப்பட்டன. அமெச்சூர்களுக்குக் கிடைத்தது குப்பைமேடு.

குப்பைமேட்டில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கடற்கரை ஓரம் கூடாரம் போட்டுக் குளிரில் உட்கார்ந்து, அட்லாண்டிக் தாண்டி வந்த அமெச்சூர் சமிக்ஞைகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் 100 மீட்டர் அளவில் இரு பக்கமும் பேசிக்கொண்டார்கள். இதே காலத்தில் கான்ராட் தன் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் முதன்மை அலையோடு, அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கிளை அலைகளையும் கொஞ்சம் கசியவிடும். பொறியாளருக்கு அது அடைக்க வேண்டிய ஓட்டை. தொலைவில் இருந்தவர்களுக்கு முதன்மை அலையைவிட அந்தக் கசிவு தெளிவாகக் கேட்கிறது என்ற தகவலைக் கான்ராட் ஒதுக்கித் தள்ளவில்லை. சக்தியில் துளியளவே உள்ள குட்டி அலை, பெரிய அலை போகாத இடத்துக்கு எப்படிப் போகிறது? வீட்டு நிலையத்தில் உட்கார்ந்து அலைநீளத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்.

காரணம் வானத்தில் இருந்தது. நீண்ட அலைகள் தரையை ஒட்டிப் போகும்போது தரையே அவற்றை மெல்ல மெல்லத் தின்றுவிடும். சிற்றலைகள் தரையோடு வெகுதூரம் போவதில்லை, மேலே கிளம்பி, வெகு உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் வளைந்து, நூற்றுக்கணக்கான மைல் தாண்டித் தரைக்கு இறங்குகின்றன. பகலில் ஒரு அலைநீளம் நன்றாகப் போகும், இரவில் இன்னொன்று. அப்படி ஒரு மண்டலம் இருப்பதை இயற்பியலாளர் ஆப்பிள்டன் இங்கிலாந்தில் சோதனை மூலம் உறுதிசெய்தது 1924 கடைசியில். அமெச்சூர்கள் அதற்கு முன்பே அதன் மீது பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

1923ல் கேடிகேஏ நிகழ்ச்சிகள் சிற்றலையிலும் போகத் தொடங்கின. அந்த நவம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸில் வெஸ்டிங்ஹவுஸ் திறந்த கேஎஃப்கேஎக்ஸ் நிலையம், பிட்ஸ்பர்க்கின் சிற்றலையைப் பிடித்து உள்ளூர் அலையில் மறு ஒலிபரப்புச் செய்தது. ஆண்டு முடிவில் பிரிட்டனிலும் அதைப் பிடித்து மறு ஒலிபரப்பினார்கள். அடுத்த ஆண்டு நடந்ததுதான் ருசியான சம்பவம். 1924ல் கடல் கடந்த தகவல் தொடர்பைப் பற்றிப் பேச லண்டனில் பெரிய கம்பெனிகள் கூடின. நீண்ட அலையில் இன்னும் பெரிய நிலையங்கள் கட்டுவதா என்பது பேச்சு. கான்ராட் அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்சிஏவின் டேவிட் சார்னாஃபைத் தன் ஹோட்டல் அறைக்கு அழைத்தார். மேஜையில் ஒரு சின்ன ரிசீவர். ஆன்டெனாவுக்கு ஜன்னல் திரைச்சீலை தொங்கும் உலோகக் கம்பி. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த குரல் லண்டன் அறைக்குள் கேட்டது. கோடிக்கணக்கில் செலவாகும் கோபுரத் திட்டங்களுக்கு முன்னால் ஒரு திரைச்சீலைக் கம்பியை வைத்து வாதாடியிருக்கிறார் மனிதர். அங்கிருந்து சில ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பேசும் வேலையைச் சிற்றலை எடுத்துக்கொண்டது.

ஒரு பெரிய கம்பெனியின் பொறியாளராக மட்டும் இருந்திருந்தால் அவர் அந்தக் கிளை அலையை ஓட்டை என்று அடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே, கூலி இல்லாமலே, இது ஏன் இப்படி என்று பார்க்கிற பழக்கம்தான் அதைக் காப்பாற்றியது. கம்பெனிகளில் ஆராய்ச்சிக்கூடங்கள் உண்டு. அங்கே கேள்வியை யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுகிறார்.

பரிசுகள் வந்தன. வானொலிப் பொறியாளர் கழகத்தின் லீப்மன் பரிசு 1925ல், எடிசன் பதக்கம் 1930ல். 1928ல் திரைப்படத்தை வானொலி அலையில் அனுப்பும் தொலைக்காட்சிச் சோதனையையும் காட்டினார். தொலைக்காட்சி அவர் வழியில் போகவில்லை, படத்தைச் சுழலும் தட்டால் வரிவரியாகப் பிரித்து அனுப்பும் அந்த முறைக்கு ஆயுசு குறைவு. அதற்காக அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1941 டிசம்பர் 10 அன்று கான்ராட் காலமானார். ஹாம் ஒருவர் இறந்துவிட்டால் அவரை ‘சைலன்ட் கீ’ என்பார்கள், அதாவது மோர்ஸ் சாவி ஓய்ந்துவிட்டது. நண்பர்கள் அந்தச் செய்தியை அலையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளே, டிசம்பர் 8 அன்று, அமெரிக்க அமெச்சூர்கள் அனைவரையும் அரசு அலையிலிருந்து இறக்கிவிட்டது. 1917ல் போட்ட அதே தடை. அவர்களுக்கு அலைவரிசைகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 1945ல்தான். ஒலிபரப்பு நிலையங்களுக்கு அந்தத் தடை கிடையாது. கேடிகேஏ 1941 மார்ச்சில்தான் 1020 கிலோசைக்கிள் அலைவரிசைக்கு மாறியிருந்தது, அங்கேயே 50,000 வாட்டில் போர்ச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.